கல்யாணப் பத்திரிகையில் மை பூசிய டாக்டர்

மகன் யூசுபுக்கு வாப்பாவின் ஸலாம்.

நீயும் ஜொஹராவும் ஜெர்மனிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த தந்தி நேற்று கிடைத்தது. இந்தக் கடிதத்தை நீயே படிக்க முயலாதே. தாராவியில் பிறந்து, இந்தியில் சண்டை போட்டு, இங்கிலீஷில் பரீட்சை எழுதிய பிள்ளை நீ. உன் தமிழ் எனக்குத் தெரியும். நீ எழுத்துக்கூட்டி முதல் பத்தியை முடிப்பதற்குள் அங்கே குளிர்காலம் போய் வெயில் வந்துவிடும். ஜொஹராவிடம் கொடு. சுனாபட்டித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள், ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டுவாள். மருமகளே, உன் வாப்பாவைப் பற்றிச் சில இடங்களில் வரும். கோபித்துக்கொள்ளாதே. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

இதையெல்லாம் சஹார் விமான நிலையத்திலேயே உன்னிடம் நேரில் சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஒரு தகப்பன் மகனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லும் நேரம் முழுவதும் உன் உம்மாவின் ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதிலும், திரும்ப உள்ளே வைப்பதிலும், அதற்காக உன் புத்தகங்களை வெளியே எடுப்பதிலும் கழிந்துவிட்டது. கடைசியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீ கையை ஆட்டினாய். நானும் ஆட்டினேன். அவ்வளவுதான் நான் சொன்ன புத்திமதி.

நீ கெமிஸ்ட்ரி எடுத்தபோது என்னைவிடச் சந்தோஷப்பட்டவன் இந்தத் தாராவியில் எவனும் கிடையாது. நம் பட்டறையில் பை தைக்கிறோம், பெல்ட் வெட்டுகிறோம். சாயம், பசை, பாலிஷ் எல்லாமே கெமிஸ்ட்ரிதானே? மழையில் சாயம் கரைந்து வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டையில் இறங்குகிற வழக்கு உன்னால் தீரும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். நீ ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வாரம், உன் லேபில் எத்தனை பேர் என்று கேட்டேன். "லேப் கிடையாது வாப்பா. பென்சில், பேப்பர், கம்ப்யூட்டர். அவ்வளவுதான்" என்றாய். பாட்டில் இல்லாத கெமிஸ்ட்ரியை நான் கேள்விப்பட்டதே இல்லை. சமையல்கட்டு இல்லாத பிரியாணிக் கடை மாதிரி இருந்தது எனக்கு. உன் உம்மாவுக்கு மட்டும் நிம்மதி. ஆசிட் தெறித்துப் பிள்ளைக்குக் கண் போய்விடும் என்ற பயம் அன்றோடு தீர்ந்தது அவளுக்கு.

அந்தக் கணக்கு என்னவென்று நீ பட்டறையில் வைத்து விளக்கிய மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். தேவ்நாரில் தோல் மண்டி வைத்திருக்கும் சாகுல் ஹமீதும் இருந்தார். அப்போது அவர் நமக்குத் தோல் கொடுக்கிறவர், அவ்வளவுதான். இன்னும் சம்பந்தி ஆகவில்லை. ஒரு பொருள் இன்னொரு பொருளாக மாற வேண்டுமென்றால் அதிலிருக்கும் அணு ஒரு மேட்டைத் தாண்டிப் போக வேண்டும் என்றாய். தாண்டுவதற்குச் சூடு வேண்டும். சூடு போதாவிட்டால் இந்தப் பக்கமே கிடக்க வேண்டியதுதான். ஆனால் ஹைட்ரஜன் ரொம்ப லேசானது. அது சில நேரம் மேட்டில் ஏறாமலேயே அந்தப் பக்கம் போய்விடும், சுவரை ஊடுருவிப் போகிற மாதிரி என்றாய். சாகுல் ஹமீது டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கன்னம் வச்சா போவுது?"

"இல்ல மாமா. சுவத்துல ஓட்டையே விழாது."

"ஓட்டையும் விழல, ஏறியும் குதிக்கல. அப்ப போலீஸ்காரன் என்னன்னுவே கேஸ் எழுதுவான்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பட்டறையே சிரித்தது. நீயும் சிரித்தாய். கோபப்படாமல் ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டு மறுபடியும் முதலிலிருந்து விளக்கினாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் போகும்போது என் காதில், "பையன் பொறுமைசாலியா இருக்கான், எம் பொண்ணு கொஞ்சம் வாய்க்காரி" என்றார். மருமகளே, உன் கல்யாணப் பேச்சு தொடங்கியது இப்படித்தான்.

பேச்சு முடிந்து நிக்காஹுக்கு நாள் குறித்தபோது நீ உன் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டிருந்தாய். தேர்வாளர்களின் சம்மதம் வந்துவிட்டது. வைவா என்று ஒரு நேர்முகத் தேர்வுதான் பாக்கி. "அது சும்மா சம்பிரதாயம் வாப்பா" என்று சொன்னது நீதான். அதை நம்பித்தான் நான் மாட்டுங்காவில் தமிழ் எழுத்துக் கோக்கிற அச்சகத்துக்குப் போய் "டாக்டர் யூசுப்" என்று கொட்டை எழுத்தில் பத்திரிகை அடிக்கச் சொன்னேன். அச்சகக்காரர் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். ஹைட்ரஜன் டாக்டர் என்றேன். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை.

பத்திரிகை வருவதற்கு முன்பே உன் உம்மா சந்து முழுக்கச் செய்தியைப் பரப்பிவிட்டாள். மறுநாளே ஆள்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டு மராத்திக்காரர் முழங்காலைக் காட்டினார். எதிர்வீட்டு ஆமினா நாக்கை நீட்டினாள். நீ எல்லோரிடமும் நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லச் சொல்ல, "பெரிய டாக்டரு, பீஸ் இல்லாம கையத் தொட மாட்டாரு" என்று பேச்சு வந்தது. மருந்து தராததால் மரியாதை கூடிப்போன டாக்டர் பம்பாயில் நீ ஒருவன்தான்.

பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம். உன் உம்மா பிரியாணிச் சட்டியைத் திறந்து வைத்திருந்தாள். நீ வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாய். கை வைக்கவில்லை.

"வாப்பா, ஒரு லப்டா ஆயிடுச்சு, பெரிய சிக்கல். வைவா நடக்காது."

"ஏன், ஸ்ட்ரைக்கா?"

"இல்ல. நான்தான் நிறுத்தச் சொல்லப் போறேன். என் கணக்குல தப்பு இருக்கு."

நீ சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன், தப்பென்றால் ஜொஹரா திருத்தட்டும். ஹைட்ரஜனில் லேசானது ஒன்று, கனமானது ஒன்று. லேசானது சுவரைச் சுலபமாக ஊடுருவும், கனமானது திணறும். உன் கணக்கில் கனமானதும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் போனது. ஆனால் செம்பூரில் இருக்கும் பேராசிரியர் ஒருவர் தன் லேபில் நிஜமாகவே அளந்து பார்த்து, கனமானது ரொம்பவே மெதுவாகத்தான் போகிறது என்று சொல்லியிருந்தார். நீ ஒரு முழு அத்தியாயம் எழுதி, அவருடைய அளவு தவறாக இருக்க வேண்டும் என்று பணிவாக நிரூபித்திருந்தாய். அந்தச் செம்பூர் பேராசிரியரே உன் தேர்வாளர். அவரும் பெரிய மனதோடு, பையன் சொல்வது சரிதான், என் அளவில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்போது பார்த்தால் உன் கம்ப்யூட்டர் கணக்கில் ஒரு வரியில் கனமானதற்குப் பதிலாக லேசானதன் எடையைக் கொடுத்திருக்கிறாய். அதைச் சரிசெய்தால் உன் விடையும் அவருடைய அளவும் ஒன்றாகிவிடுகின்றன. அவர் ஆரம்பத்திலிருந்தே சரி.

"இது வேற யாருக்காவது தெரியுமால?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"அந்த மனுஷனே தப்பு எம்மேலன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. நீ எதுக்குல குறுக்க போற?"

உன் உம்மா என்னைவிடப் பக்குவமாகப் பேசினாள். "சொல்ல வேண்டாம்னு நான் சொல்லல. நிக்காஹ் முடியட்டும், பொறவு மெதுவா சொல்லேன். ஹைட்ரஜன் எங்க ஓடிரப் போவுது?"

நீ, "இல்ல உம்மா, என் விடைய நம்பி இன்னொருத்தன் வேலை பாப்பான்" என்றாய். பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் செம்பூருக்குக் கிளம்பினாய். பேராசிரியர் வீட்டுக்கு நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். உனக்குத் துணையாக வந்தேன் என்று இன்று வரை நினைத்துக்கொண்டிருப்பாய். வழியில் எங்காவது உன் மனதை மாற்றிவிடலாம் என்றுதான் வந்தேன். ரயிலில் கூட்டம். பேச இடம் கிடைக்கவில்லை.

செம்பூரில் அவர் வீட்டில் காபி கொடுத்தார்கள். பேராசிரியர் பாலக்காட்டுக்காரர். வேட்டியும் பனியனுமாக உட்கார்ந்து நீ சொன்னதை முழுவதும் கேட்டார். உன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"உம்ம பிள்ளையோட தீசிஸைப் படிச்சுட்டு நான் என்ன பண்ணினேன் தெரியுமோ? என் தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டேன். நல்ல தெர்மாமீட்டராக்கும். அதைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு வேற வாங்கினேன். அதுவும் அதே நம்பரைக் காட்டித்து. அதையும் போட்டேன்."

"நான் வேணும்னா ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தந்துருதேன் சார்" என்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர்தான். உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. பேராசிரியர் சிரிக்கவில்லை. "வைவா கிடையாது. அந்த அத்தியாயத்தை முழுக்கத் திருப்பி எழுதிண்டு வா. ஒவ்வொரு வரியையும் நான் பார்ப்பேன், கேட்டியா?" என்றார். நீ "சரி சார்" என்றாய். படியிறங்கும்போது உன் முகத்தில் ஒரு தெளிவு. என் முகத்தில் பத்திரிகைக் கட்டு.

திரும்ப அச்சடிக்க நாள் இல்லை. பட்டறைப் புத்தி எனக்கு. பெல்ட்டின் ஓரத்துக்கு அடிக்கிற கறுப்புச் சாயத்தை எடுத்து, குடும்பத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு பத்திரிகையிலும் "டாக்டர்" என்ற இடத்தில் பூசினோம். மழையில் கரைகிற அதே சாயம் காகிதத்தில் என்ன உறுதியாக ஒட்டியது என்கிறாய்! ஒட்டியதோடு நிற்கவில்லை. ஊறிப் பின்பக்கத்துக்கும் போயிருக்கிறது. பின்பக்கத்தில் அதே இடத்தில் இருந்த வார்த்தை "விருந்து". பாதிப் பத்திரிகைகள் போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தோம்.

அந்த வாரம் நாம் கேட்ட பேச்சுகளை மறந்திருக்க மாட்டாய். போலி டாக்டர் என்று போலீஸ் பிடித்துவிட்டதாம். அதனால் விருந்தும் கிடையாதாம். எதிர்வீட்டு ஆமினா, தனக்கு மருந்து கொடுக்காமல் விட்டானே, அல்லாஹ் காப்பாற்றினான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் சாகுல் ஹமீது பத்திரிகையைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கே வந்துவிட்டார். கூட அவர் மனைவி, பின்னால் ஜொஹரா. பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாரே, முறித்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று உன் உம்மா சமையல்கட்டில் அழ ஆரம்பித்தாள்.

"அழிச்ச எடத்துல என்னவே இருந்துச்சு? 'இரண்டாவது நிக்காஹ்'ன்னு இருந்துச்சான்னு எம் பொஞ்சாதி கேக்கா" என்றார் சாகுல் ஹமீது.

"டாக்டர்னு இருந்துச்சு."

"அத எதுக்குவே அழிச்சீரு?"

நான் உன்னைக் கைகாட்டினேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ உட்கார்ந்து, மேட்டிலிருந்து தொடங்கி, சுவர், லேசானது, கனமானது என்று எல்லாவற்றையும் சொன்னாய். எதையும் மறைக்கவில்லை. பட்டம் எப்போது வரும் என்று தெரியாது, வராமலும் போகலாம் என்று அதையும் சேர்த்துச் சொன்னாய். அந்த இடத்தில் உன் காலை மிதிக்க நான் நீட்டிய கால் எட்டவில்லை. சாகுல் ஹமீது தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போது ஜொஹரா கேட்டாள்.

"நீங்க சொல்லலன்னா அவங்க கண்டுபிடிச்சிருப்பாங்களா?"

"மாட்டாங்க. அவரே ஒத்துக்கிட்டாரு."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"தப்பா இருந்துச்சு" என்றாய் நீ. கேள்வியே புரியாதவன் மாதிரி அவளைப் பார்த்தாய்.

அவள் சிரித்துவிட்டாள். அவள் வாப்பாவின் பக்கம் திரும்பினாள். "வாப்பா, மேனேஜர்னு சொல்லி ஒருத்தர் வந்தாரு, விசாரிச்சா மேனேஜருக்கு மச்சான். துபாய்ல சொந்தக் கடைன்னு ஒருத்தர் வந்தாரு, கடை இருந்துச்சு, அவரோடது இல்ல. எல்லாரும் இல்லாதத இருக்குன்னாங்க. இவரு கைக்கு வந்தத இல்லங்காரு. எனக்கு இது போதும்."

அவள் உம்மா, "வாய மூடுட்டி" என்றாள். சாகுல் ஹமீது பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தார். "அதெல்லாம் சரிவே. விருந்து உண்டா, இல்லையா? அதையாவது தெளிவா சொல்லும்" என்றார். உன் உம்மா உள்ளேயிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உண்டு, உண்டு" என்று கத்தினாள்.

கல்யாணம் நடந்தது. வந்தவர்கள் விருந்து இருக்குமோ இருக்காதோ என்று வீட்டிலேயே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வந்ததால் பிரியாணி மிஞ்சியது. அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் நீ அந்த அத்தியாயத்தோடு மல்லுக்கட்டினாய். தெருவில் எல்லோரும் கலர் டிவி வாங்கிக்கொண்டிருந்தபோது நீ கம்ப்யூட்டருக்கு முறை வாங்க வரிசையில் நின்றாய். குளிர்சாதன அறையில் இயந்திரம் சுகமாக இருந்தது, வெளியில் நீ வியர்த்தாய். பட்டறைக்கு வந்து கொஞ்ச நாள் தோலையாவது பார் என்று நான் ஒருமுறை சொன்னேன். நீ காகிதத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஜொஹராதான், "மாமா, அவங்க பை தைச்சா வாய் எந்தப் பக்கம் வரும்னு யாருக்கும் தெரியாது" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

வைவா நாளுக்கு நாம் எல்லோரும் வந்தோம். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று சொல்லியிருக்கக் கூடாது நீ. சாகுல் ஹமீது தன் மண்டி ஆட்களோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். உன் உம்மா மடியில் லட்டு டின். செம்பூர் பேராசிரியர் உன்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு இங்கிலீஷும் புரியவில்லை, ஹைட்ரஜனும் புரியவில்லை. ஆனால் பேரம் பேசுகிறவன் முகத்தை எனக்குப் படிக்கத் தெரியும். அவர் முகம் மெல்ல மெல்ல இளகிக்கொண்டு வந்தது. கடைசியில் கூட்டத்தில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார்கள். சாகுல் ஹமீது எழுந்து நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சார், சுவத்துக்கு அந்தப் பக்கம் போன ஹைட்ரஜன் திரும்பி வருமா?"

அவர் தமிழில் கேட்க, மேடையிலிருந்து பேராசிரியரும் தமிழிலேயே பதில் சொன்னார். "தாராளமா வரும் ஓய்!"

"அப்ப நல்ல புள்ளதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார் உன் மாமனார். சபை முழுக்க, என்ன ஏதென்று புரியாதவர்கள்கூட, கை தட்டினார்கள்.

உனக்குப் பட்டம் என்று சொல்லி எல்லோரும் வெளியே வந்தபோது ஒரு பெண் உன்னைத் தேடிக்கொண்டு வந்தாள். மெலிந்த பெண், மராத்திக்காரி, கையில் பேடா டப்பா. யாரிந்தப் புள்ள என்று உன் உம்மா முழங்கையால் என்னை இடித்தாள். அவள் இந்தியில் பேசியதால் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அவள் பெயர் வந்தனா. பேராசிரியரின் லேபில் அந்த அளவை எடுத்தவளே அவள்தானாம். உன் அத்தியாயம் வந்த பிறகு, அந்த வேலையை விட்டுவிடு, வேறு ஏதாவது தொடங்கு என்று சொல்லிவிட்டார்களாம். மூன்று வருஷ உழைப்பு. ஊரில் வீட்டார் போதும், வந்து சேர் என்று எழுதிவிட்டார்கள். அவளும் டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டாள். நாம் செம்பூர் போய் வந்த மறுநாள் காலையில் பேராசிரியரே அவள் விடுதிக்குப் போய், பெட்டியைப் பிரி, உன் அளவு சரி என்றாராம். அவளுக்கும் உன் வைவா நடந்த அதே மாதம்தான் பட்டம் கிடைத்திருந்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஒரே ஒரு வரி! அதை ஒழுங்காகப் பார்த்திருக்கக் கூடாதா நீ?" என்று உன்னை ஒரு அதட்டு அதட்டினாள். நீ தலையைக் குனிந்து நின்றாய். அவளை உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். "இல்ல வாப்பா, இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாய். அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்றே தெரியாமல்தான் அன்று பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்திருக்கிறாய்.

நிக்காஹ் முடிந்த பிறகு சொல்லேன் என்று தான் சொன்னது உன் உம்மாவின் மனதில் ஓடியிருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டுப் போ என்று தமிழிலேயே சொல்லி டாக்ஸியில் ஏற்றிவிட்டாள். நான் முன்னால், நீங்கள் நாலு பேரும் பின்னால். டிரைவர் முனகிக்கொண்டே வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் லட்டு வாசனையை மோப்பம் பிடித்து, என்ன விசேஷம் என்று இந்தியில் கேட்டார். டாக்டர் பட்டம் கிடைத்திருக்கிறது என்றேன். யாருக்கு என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து உன் உம்மா, தனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் ஒன்றுதிரட்டி, "தோனோ" என்றாள். ரெண்டு பேருக்கும். அவர் காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னும் உரக்க, "தோனோ கோ! மேரா பேட்டா, மேரா பேட்டி!" என்றாள். என் மகன், என் மகளாம். வந்தனா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீ இதைக் கேட்கவில்லை. ஜொஹராவின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வாப்பா